நூல் சொன்னதும் குப்பியில் இருந்ததும்: இந்தியச் சட்டத்தில் மரபு மருந்தின் வரலாறு

1940ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மருந்துகள் சட்டம் ‘மருந்து’ என்ற சொல்லை வரையறுத்தபோது ஒரு விலக்கையும் சேர்த்தே எழுதியது. மனிதருக்கோ விலங்குக்கோ நோய் தீர்க்க உள்ளும் புறமும் பயன்படும் பொருள்கள் அனைத்தும் மருந்து. ஆனால் ஆயுர்வேத, யுனானி முறைகளின்படி மட்டுமே தயாரிக்கப்படும் அல்லது பயன்படுத்தப்படும் மருந்துகள் அதில் அடங்கா. நாட்டு மக்களில் பெரும்பாலோர் அன்று நம்பியிருந்த சூரணமும் கஷாயமும் லேகியமும் இவ்வாறு சட்டத்தின் கண்ணில் மருந்தே அல்லாதவை ஆயின. சித்த மருத்துவத்தின் பெயரோ விலக்கிலும் இடம்பெறவில்லை.

இந்த விலக்கைச் சிலர் காலனிய அரசின் புறக்கணிப்பு என்பர். வேறு சிலர் மரபு மருத்துவத்திற்குக் கிடைத்த பாதுகாப்பு என்பர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அடுத்த எண்பது ஆண்டுகளில் இந்தியச் சட்டம் மரபு மருந்தை எவ்வாறு வகைப்படுத்தியது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், அடிப்படையான மற்றொரு சிக்கல் தெரியவரும். ஒரு மருந்தைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்கலாம். ‘இது எந்த மரபைச் சேர்ந்தது?’ என்பது ஒன்று. ‘இதற்குள் என்ன இருக்கிறது?’ என்பது மற்றொன்று. இந்தியச் சட்டம் முதற்கேள்விக்கு 1964இல் விடை கண்டது. இரண்டாம் கேள்வியை முறையாக எழுப்புவதற்கு அதற்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

மருந்துகள் சட்டத்தின் தோற்றுவாய் 1930இல் அமைந்த மருந்து விசாரணைக் குழு. அதன் தலைவர் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் பேராசிரியர் ராம்நாத் சோப்ரா. இறக்குமதியாகும் மருந்துகளின் தரக்கேடும், சந்தையில் புழங்கிய கலப்பட, வீரியங்குறைந்த மருந்துகளும் அக்குழு அமையக் காரணங்கள். 1931இல் அறிக்கை வந்தது. சட்டமாக அது மாற ஒன்பது ஆண்டுகள் ஆயின. மருந்துகளின் உற்பத்தியும் விற்பனையும் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததால், மாகாணங்களின் இசைவு பெற்றே மைய அரசு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. சோப்ரா நாட்டு மருந்துகளை அறியாதவர் அல்லர். இந்திய மூலிகைகளை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்து 1933இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டவர். சர்ப்பகந்தாவின் இரத்த அழுத்தத் தணிப்பு குறித்த தொடக்ககால ஆய்வுகளும் அவர் வட்டத்தில் நிகழ்ந்தவையே. 1946இல் நாட்டு மருத்துவ முறைகளை ஆராய அமைந்த குழுவுக்கும் அவரே தலைவர். நாட்டு மருந்தை அளக்கும் வழிகளைத் தேடிய ஒருவரின் அறிக்கையிலிருந்து பிறந்த சட்டமே நாட்டு மருந்தை அளவைக்கு வெளியே நிறுத்தியது.

மரபு மருத்துவத்திற்குத் தரம் பற்றிய கருத்தே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தைலம் காய்ச்சுவோர் மெழுகுப் பதம், மணற்பதம் எனப் பதங்களைப் பிரித்து அறிந்திருந்தனர். பற்பமும் செந்தூரமும் முறையாக முடிந்தனவா என்று பார்க்க விரலிடையே தேய்த்துக் கைரேகைகளுக்குள் படிகிறதா என நோக்கினர். நீரின் மேல் தூவி மிதக்கிறதா எனக் கண்டனர். உலோகத்தின் பளபளப்பு எஞ்சியுள்ளதா எனச் சோதித்தனர். சரக்குகளைச் சுத்தி செய்யும் முறைகள் சித்த நூல்களில் விரிவாகவே உள்ளன. எனினும் இந்தச் சோதனைகள் அனைத்தும் செய்பவரின் கண்ணையும் கையையும் சார்ந்தவை. மருந்தைச் செய்தவரே நோயாளிக்குக் கொடுத்து, அடுத்த வாரம் அவர் நாடியையும் பார்க்கும் உறவுக்குள் அவை போதுமானவையாக இருந்திருக்கலாம். நடுவில் ஒரு தொழிற்சாலையும் ஒரு மொத்த வியாபாரியும் ஓர் அஞ்சலகமும் வந்து நின்றபோது அந்த உறவு அறுந்தது. 1884இல் கல்கத்தாவில் டாபர், 1902இல் கோட்டக்கல்லில் ஆர்ய வைத்திய சாலை, 1944இல் சென்னையில் இம்ப்காப்ஸ் எனும் மருத்துவர் கூட்டுறவு மருந்தகம் ஆகியவை தோன்றிய காலம் அது. வைத்தியர் கைப்பட இடித்த சூரணம் முத்திரைத்தாள் ஒட்டிய குப்பியாக மாறிக்கொண்டிருந்த அந்த வேளையில்தான் சட்டம் அதை விலக்கி வைத்தது.

சென்னை மாகாணத்தில் நடந்த விவாதமும் இந்த மாற்றத்தை மையமாகக் கொள்ளவில்லை. 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் அமைந்து 1923இல் அறிக்கை அளித்த குழு, நாட்டு மருத்துவம் அறிவியல் ஆகுமா, அரசு அதை ஆதரிக்கலாமா என்ற கேள்விகளையே முதன்மையாக எதிர்கொண்டது. மருத்துவரின் கல்வி, பதிவு, மதிப்பு ஆகியவை பேசப்பட்ட அளவுக்குக் கடையில் விற்கும் குப்பியின் உள்ளடக்கம் பேசப்படவில்லை. அறிவின் தகுதிக்காக நிகழ்ந்த போராட்டத்தில் பண்டத்தின் தரம் இரண்டாம் இடத்திற்குச் சென்றது.

விடுதலைக்குப் பின், 1964ஆம் ஆண்டுத் திருத்தம் மரபு மருந்துகளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ‘மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம்’ எனப் பெயர் மாறியிருந்த அச்சட்டத்தில் நான்கு-ஏ எனும் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதை எழுதியோர் முன் நின்ற இடர் எளிதன்று. நவீன மருந்தை அதன் வேதிப்பெயரால் வரையறுக்கலாம். பத்து மூலிகைகள் கூடிய கஷாயத்தை எதனால் வரையறுப்பது? அவர்கள் கண்ட விடை, நூல். சட்டத்தின் முதலாம் அட்டவணையில் ‘அதிகாரபூர்வ நூல்கள்’ பட்டியலிடப்பட்டன. அந்நூல்களில் கூறப்பட்ட செய்முறைப்படி மட்டுமே தயாரிக்கப்படுவது மரபு மருந்து.

ஆயுர்வேதப் பட்டியலில் சரகரும் சுசுருதரும் வாக்படரின் அட்டாங்க இருதயமும் சார்ங்கதர சம்ஹிதையும் கேரளத்தின் சகஸ்ரயோகமும் உள்ளன. சித்தப் பட்டியலில் அகத்தியர் பரிபூரணம் 400, போகர் 700, புலிப்பாணி 500, பிரம்மமுனி கருக்கடை 300, தேரையர் யமகம், சித்த வைத்தியத் திரட்டு முதலியன உள்ளன. சுவடிகளிலும் மலிவுப் பதிப்புகளிலும் உலவிவந்த பாடல் நூல்கள் நாடாளுமன்றச் சட்டத்தின் உறுப்புகளாயின. உலக மருந்துச் சட்டங்களிடையே கவனத்திற்குரிய ஏற்பாடு இது. ஒரு மரபின் அறிவை வெளியிலிருந்து சான்று கோராமல், அதன் நூல்களையே சான்றாக ஏற்ற துணிவு அதில் இருந்தது. மரபு மருத்துவர்களுக்கு அது சட்டம் அளித்த ஏற்பும் ஆகும்.

ஆனால் நூலை அளவுகோலாக்கியதன் விளைவுகள் மூன்று வழிகளில் வெளிப்பட்டன.

முதலாவது, நூல் என்பது எது என்ற சிக்கல். அட்டவணை பெரும்பாலும் நூற்பெயரை மட்டுமே குறிக்கிறது. எந்தச் சுவடி, எந்தப் பதிப்பு என்று கூறுவதில்லை. சித்த நூல்களோ பாடபேதங்கள் மிகுந்தவை. பரிபாஷை எனப்படும் மறைமொழியில் சரக்குகளைக் குறிப்பவை. ஒரே சொல்லுக்கு இரு மருத்துவர் இரு பொருள் காண்பது அரிதன்று. ஆசிரியரிடம் நேரில் கற்றவருக்குத் துலங்கும் பாடல், உரிமம் வழங்கும் அலுவலரின் மேசையில் துலங்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. மேலும் பட்டியல் பழைய நூல்களோடு நின்றுவிடவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ரச தரங்கிணியும் அதில் உண்டு. மருந்து உற்பத்தி நிறுவனம் ஒன்றே வெளியிட்ட ஆயுர்வேத சார சங்கிரகமும் உண்டு. தொன்மை என்ற அளவுகோலுக்குள் அண்மைக்காலமும் இடம் பெற்றிருந்தது.

இரண்டாவது, பெயருக்கும் பயிருக்கும் உள்ள இடைவெளி. ‘ராஸ்னா’ என்றால் வடநாட்டில் ஒரு செடி, தென்னாட்டில் அரத்தை. ‘சங்கபுஷ்பி’ என்பது பிற இடங்களில் தரையில் படரும் ஒரு சிறு செடியையும், கேரளத்தில் சங்குப்பூக் கொடியையும் குறிக்கும். ‘பிராமி’ என்ற பெயரில் நீர்ப்பிரமியும் வல்லாரையும் விற்கப்படும். அசோகப் பட்டைக்கு நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பது சந்தை அறிந்த செய்தி. பெயர்க்குழப்பம் உயிருக்கே தீங்காகலாம் என்பதைப் பெல்ஜியத்தில் நடந்தது காட்டியது. பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகக் கொடுக்கப்பட்ட மருந்தில், ஒலியால் நெருங்கிய பெயர்கொண்ட சீன மூலிகைகளுள் ஒன்றின் இடத்தில் அரிஸ்டோலோக்கியா இனம் புகுந்தது. பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. 1993இல் அது மருத்துவ இதழில் பதிவாயிற்று. நூல் பெயரைச் சொல்லும். மூட்டைக்குள் வந்திருப்பது அந்தப் பெயருக்கு உரியதுதானா என்பதை நூல் சொல்லாது.

மூன்றாவது, நூலுக்குப் பொருந்தும் மருந்தும் மாசுபட்டதாக இருக்கலாம். மண்ணிலுள்ள காரீயமும் பூஞ்சை பிடித்த கிடங்கும் பூச்சிமருந்து தெளித்த வயலும் எந்தப் பாடலிலும் இடம்பெற்றிருக்க இயலாது.

இவற்றுக்குத் தீர்வாக வரவேண்டியது பார்மகோப்பியா எனப்படும் மருந்துத் தரநூல். ஆயுர்வேதத் தரநூல் குழு 1962இலேயே அமைந்தது. காசியாபாத்தில் இந்திய மருத்துவத்திற்கான தரநூல் ஆய்வகம் 1970இல் நிறுவப்பட்டது. 1978இல் 444 செய்முறைகளைக் கொண்ட ஆயுர்வேதச் செய்முறைத் தொகுப்பின் முதற்பகுதி வந்தது. ஆனால் தனிச் சரக்குகளுக்கான தரநூலின் முதல் தொகுதி, 80 சரக்குகளோடு, 1980களின் இறுதியில்தான் பயனுக்கு வந்தது. சித்த மருத்துவத் தரநூலின் முதல் தொகுதி 73 சரக்குகளோடு வெளிவர 2008 ஆயிற்று. சாம்பல் அளவு, அமிலத்தில் கரையாச் சாம்பல், நீரிலும் சாராயத்திலும் கரையும் சத்தின் அளவு, அயற்பொருள் விழுக்காடு, மெல்லடுக்கு நிறப்பகுப்பு எனத் தரநூல் கேட்கும் சோதனைகள் மேம்பட்ட கருவிகளைக் கோருபவை அல்ல. மணல் கலந்த சரக்கையும் சத்து எடுத்த சக்கையையும் கண்டறிய அவை உதவும். அந்த எளிய அளவுகோலும் சட்டம் வந்து ஒரு தலைமுறை கடந்தே கைக்கு வந்தது. சித்தத்துக்கு இரு தலைமுறை.

இடையில் 1982ஆம் ஆண்டுத் திருத்தம் இரு மாற்றங்களைச் செய்தது. 1964ஆம் ஆண்டு வாசகத்தில் ‘ஆயுர்வேத (சித்தம் உட்பட)’ என அடைப்புக்குறிக்குள் இருந்த சித்தம், தனிப்பெயராக வெளியே வந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பதற்கும் வெளியே வருவதற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். மற்ற மாற்றம் சந்தையையே மாற்றியது. நூலில் உள்ள செய்முறையை அப்படியே பின்பற்றும் சாஸ்திரிய மருந்து ஒருபுறமிருக்க, நூல்களில் கூறப்பட்ட சரக்குகளை மட்டும் கொண்டு உற்பத்தியாளரே புதிதாகக் கூட்டும் ‘தனியுரிமை மருந்து’ என்னும் வகை தெளிவாக வரையறுக்கப்பட்டது. ஊசி வழி செலுத்துவது மட்டும் விலக்கப்பட்டது. இதன் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. முன்பு செய்முறைக்கு இருந்த நூற்சான்று இப்போது சரக்குகளுக்கு மட்டுமே தேவைப்பட்டது. பத்துச் சரக்குகள் தனித்தனியே பத்து நூல்களில் இருந்தால், அவற்றை ஒன்றாகச் சேர்த்த கூட்டு மரபில் ஒருபோதும் வழங்காததாயினும், அது மரபு மருந்தே. இன்று கடைகளில் வண்ண உறைகளில் காணப்படும் மாத்திரைகளும் டானிக்குகளும் பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தவை. நூலின் மதிப்பு அவற்றுக்குக் கிட்டியது. நூலின் கட்டுப்பாடு கிட்டவில்லை.

மருந்து எது என்ற கேள்வி வரித்துறை வழியே நீதிமன்றங்களுக்கும் சென்றது. 1985ஆம் ஆண்டு மத்திய கலால் கட்டணச் சட்டத்தில் மருந்து ஓர் அத்தியாயத்திலும் ஒப்பனைப் பொருளும் பற்பொடியும் மற்றோர் அத்தியாயத்திலும் இருந்தன. பைத்தியநாத் நிறுவனத்தின் சிவப்புப் பற்பொடி ஆயுர்வேத மருந்தா, பற்பொடியா என்ற வழக்கில், மக்கள் வழக்கில் அது எப்படி அறியப்படுகிறது என்பதே அளவை என உச்ச நீதிமன்றம் கொண்டது. மருத்துவர் எழுதிக் கொடுக்க, குறிப்பிட்ட காலம் உட்கொள்வது மருந்து. நாள்தோறும் பல் துலக்குவது பற்பொடி. 2009இல் அதே பொருள் பற்றி மீண்டும் வழக்கு வந்தபோதும் முடிவு மாறவில்லை. வேறு சில மூலிகைப் பொருட்களின் வழக்குகளில் மருந்து என்றே தீர்ப்பானது. ஆக, ஒரே குப்பி உரிமம் வழங்கும் அலுவலகத்தில் மருந்தாகவும் வரி அலுவலகத்தில் ஒப்பனைப் பொருளாகவும் இருக்க முடிந்தது. மருந்துச் சட்டம் நூலைக் கேட்டது. வரிச் சட்டம் வாங்குபவரைக் கேட்டது. குப்பியைத் திறந்து பார்ப்பது இவ்விரண்டிற்கும் முதன்மையான வேலையாக இருக்கவில்லை.

உற்பத்திக்கூடத்தின் உள்ளே சட்டம் நுழைந்தது 2000ஆம் ஆண்டில், டி அட்டவணை எனப்படும் நல்ல உற்பத்தி நடைமுறை விதிகளோடு. கிடங்கு, நீர், தூய்மை, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, பதிவேடுகள் ஆகியவற்றோடு 1200 சதுர அடிப் பரப்பும் வரையறுக்கப்பட்டது. பெருநிறுவனத்துக்கு இது சிறு செலவு. தலைமுறையாக மருந்து செய்துவந்த சிறு மருந்தகத்துக்குப் பெருஞ்சுமை. தம் நோயாளிகளுக்கு மட்டும் தாமே மருந்து செய்து கொடுக்கும் வைத்தியருக்கும் ஹக்கீமுக்கும் உரிமம் தேவையில்லை என்ற விலக்கு சட்டத்தில் தொடர்ந்தது. இதனால் மரபு மருந்துத் தொழில் இரு துருவங்களாகப் பிரிந்தது: முழுக் கட்டுப்பாட்டிற்குள் வரவேண்டிய தொழிற்சாலை ஒருபுறம், கட்டுப்பாட்டிற்கு வெளியே நிற்கும் தனி வைத்தியர் மறுபுறம். இடையில் இருந்த சிறு உற்பத்தியாளருக்கே நெருக்கடி.

உள்ளடக்கம் பற்றிய கேள்வியை உரக்க எழுப்பியது நாட்டுக்கு வெளியே நடந்த ஆய்வு. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய தெற்காசியத் தயாரிப்பான 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல், அதாவது ஐந்தில் ஒன்றில், காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2004இல் கட்டுரை வெளியானது. இந்தியாவில் எழுந்த மறுமொழிகளில் ஒன்று, இரச மருந்துகளில் உலோகம் திட்டமிட்டே சேர்க்கப்படுகிறது, முறையாகச் சுத்தி செய்து புடமிட்டால் அது நஞ்சன்று என்பது. அந்த வாதம் ஆய்வுக்குரியது. ஆனால் அது மற்றொரு கேள்விக்கு விடையாகாது: மூலிகை மட்டுமே என்று எழுதிய குப்பிக்குள் காரீயம் எப்படி வந்தது?

2005 அக்டோபரில் அரசாணை வந்தது. 2006 ஜனவரி 1 முதல், ஏற்றுமதியாகும் முழு மூலிகை மருந்துகள் உலோகச் சோதனைக்கு உட்பட வேண்டும். காரீயம் பத்து இலட்சத்தில் 10 பங்கு, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என உச்சவரம்புகள் குறிக்கப்பட்டன. வரம்புகள் நியாயமானவை. முதலில் யாருக்காக அவை கட்டாயமாக்கப்பட்டன என்பதே வரலாற்றில் நிற்கும் செய்தி. பாஸ்டனில் வாங்குபவருக்குக் கிடைத்த உறுதி, அதே நாளில் பாட்னாவிலோ பாளையங்கோட்டையிலோ வாங்குபவருக்குக் கிடைக்கவில்லை.

அதன்பின் வகைகள் பெருகின. 2010இல் வந்த 158-பி விதி, உரிமத்துக்கு எந்த வகை மருந்து எந்தச் சான்றைக் காட்ட வேண்டும் என்று பிரித்தது. நூலில் உள்ள மருந்தை நூல் கூறும் நோய்க்கே தயாரித்தால் நூலே சான்று. தனியுரிமை மருந்துக்கு முன்னோட்ட ஆய்வு வேண்டும். எட்டி, நாபி, சேராங்கொட்டை, இரசம், தாளகம் போன்ற இ-1 அட்டவணை நச்சுச் சரக்குகள் இருந்தால் பாதுகாப்பு ஆய்வும் வேண்டும். 2015இல் ‘தாவரவழி மருந்து’ என்னும் புது வகை நவீன மருந்துப் பிரிவில் தோன்றியது. தூய்மையாக்கித் தரப்படுத்திய சாற்றுப்பகுதியில் குறைந்தது நான்கு வேதிச் சேர்மங்களேனும் அடையாளம் காணப்பட்டிருக்க வேண்டும். அதற்கு நூல் தேவையில்லை, ஆய்வுத்தரவு தேவை. 2022இல் உணவுத் தரக் கட்டுப்பாட்டு ஆணையம் ‘ஆயுர்வேத ஆகாரம்’ என ஒரு வகையை வகுத்தது. அங்கே மீண்டும் அதிகாரபூர்வ நூற்பட்டியலே எல்லைக்கோடு.

இன்று ஒரு மஞ்சள் கிழங்கு சமையலறையில் உணவு; நூற்பாகப்படி உண்டால் ஆயுர்வேத ஆகாரம்; சூரணத்தில் சாஸ்திரிய மருந்து; புதுக் கூட்டில் தனியுரிமை மருந்து; முகப்பூச்சில் அழகுசாதனம்; பகுத்தெடுத்த சாற்றில் தாவரவழி மருந்தாகவும் கூடும். ஒவ்வொன்றுக்கும் தனி விதி. சிலவற்றுக்குத் தனி அமைச்சகமே. உற்பத்தியாளர் தமக்கு இலகுவான வாசலைத் தேர்ந்துகொள்ள இந்தப் பன்மை இடம் தருகிறது.

விளம்பரம் பற்றிய அண்மை வழக்காறும் இதே கதையின் தொடர்ச்சியே. 2018 டிசம்பரில் சேர்க்கப்பட்ட 170ஆம் விதி, மாநில உரிம அலுவலரின் முன்னனுமதி இல்லாமல் இம்மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடுத்தது. 2023 ஆகஸ்டில் அவ்விதியின்கீழ் நடவடிக்கை வேண்டாம் என ஆயுஷ் அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2024 ஜூலையில் விதியே நீக்கப்பட்டது; ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்தி வைத்தது; அடுத்த ஆண்டு வழக்கு முடித்து வைக்கப்பட்டது. நூலில் உள்ள மருந்துக்கு நூல் கூறாத பயனைத் தொலைக்காட்சியில் கூறலாமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. நூலை அடிப்படையாகக் கொண்ட சட்டம், நூலைத் தாண்டிய சொல்லைக் கட்டுப்படுத்தத் தயங்கியது என்பது கவனிக்கத்தக்க முரண்.

1964இன் தீர்வைப் பிழை எனத் தள்ளுவது வரலாற்றுக்கு நியாயம் ஆகாது. நூலை ஏற்றிராவிட்டால் மரபு மருந்து தொடர்ந்து சட்டத்திற்கு வெளியே நின்றிருக்கும், அல்லது வேதிச்சேர்மக் கணக்குக்குள் சிதைந்திருக்கும். பிழை வேறிடத்தில் உள்ளது. நூல் தன் காலத்துக் கற்றவருக்காக எழுதப்பட்டது. சரக்கை அறிந்து, சுத்தி செய்து, பதம் பார்க்கும் கையை அது முன்னிட்டுக் கொண்டது. சட்டம் பாடலை ஏற்றது. அந்தக் கைக்கு ஈடாகச் சந்தையில் எதை நிறுத்துவது என்பதை நெடுங்காலம் எண்ணவில்லை. தரநூலும் ஆய்வகமும் உலோக வரம்பும் மரபுக்கு எதிராக வந்தவை என்ற எண்ணம் மருத்துவரிடையேயும் மாணவரிடையேயும் இன்னும் நிலவுகிறது. கைரேகையில் படியும் பற்பத்தைத் தேடியவர்கள் தேடியதும் தரத்தைத்தான். அவர்கள் விரலால் செய்ததை இன்று கருவியால் செய்வது மரபை மீறுவதாகாது. கருவியும் இல்லாமல் விரலும் இல்லாமல், அட்டையில் ஒரு நூற்பெயரை மட்டும் அச்சிட்டு விற்பதுதான் மரபுக்குப் புதிது.